அடிக்கட்டையில் இருந்த கடன் எண்

காலை ஏழேகால் மணிக்குப் போன் அடித்தது. "சார், மூணு டியூ பாக்கி இருக்கு. இன்னைக்குள்ள கட்டிருங்க, இல்லன்னா ஆள் வரும்" என்றது ஒரு குரல். 2024 மார்ச் மாதம் அது. அந்த மூன்று தவணையையும் ஐந்து வாரத்துக்கு முன்பே, பிப்ரவரி 12ஆம் தேதி, கிளைக்கு நேரில் போய் ரொக்கமாகக் கட்டியிருந்தேன். 14,550 ரூபாய். மகளின் பிரசவச் செலவில் நின்றுபோன தவணைகள் அவை. கட்டி முடித்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பின் பத்து நாளில் எட்டு அழைப்பு. ஒவ்வொரு முறையும் வேறு குரல். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொன்னேன். என் குரல் ஏற ஏற, எதிர்வீட்டு ஜன்னல் திறப்பது தெரிந்தது. வாழ்நாள் முழுக்க யாரிடமும் கை நீட்டாமல் இருந்துவிட்டு, எழுபத்தோரு வயதில் தெருவுக்குக் கேட்கிற மாதிரி "நான் கட்டிட்டேன், கட்டிட்டேன்" என்று கத்துவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சொன்னபடி ஆளும் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஹெல்மெட், சட்டை முழுக்க வியர்வை. என் மனைவி ஒரு செம்பு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தன் போனை என் பக்கம் திருப்பினார். திரையில் என் பெயர், முகவரி, ஒரு தொகை. அவ்வளவுதான். "ஐயா, எனக்கு வர்றது இந்த லிஸ்ட்டுதான். நீங்க கட்டினீங்களா, எந்தக் கணக்குல ஏறுச்சுன்னு எனக்குத் தெரியாது. என்னால மாத்தவும் முடியாது" என்றார். பத்து நாளாகத் திருத்த அதிகாரமே இல்லாதவர்களிடம் நான் மன்றாடிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் போன பிறகு ரசீதை எடுத்துப் பார்த்தேன். கடன் எண் வேறாக இருந்தது. அதே நிறுவனத்தில் என் பெயரில் இரண்டு கடன். ஒன்று மனைவியின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு வாங்கிய தனிநபர் கடன், மாதம் 4,850 ரூபாய். இன்னொன்று மகனுக்காக எடுத்த பைக் கடன், மாதம் 3,120. பைக் தவணை ஒரு மாதமும் தவறாமல் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. கவுண்டரில் என் பணத்தைப் பைக் கடனில் முன்பணமாக ஏற்றிவிட்டார்கள். ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன் அதைப் படித்துப் பார்க்கவில்லை. அது என் தவறு.

நல்லவேளை, பணம் கட்டும்போது நான் பூர்த்தி செய்து கொடுத்த சீட்டின் அடிக்கட்டை பீரோவில் இருந்தது. அதில் என் கையெழுத்தில் தனிநபர் கடனின் எண், அதன்மேல் கிளையின் முத்திரை.

உடனே உட்கார்ந்து எழுதினேன். நான்கு பக்கம். என் சர்வீஸ், என் நேர்மை, ஏழேகால் மணி அழைப்பு, எதிர்வீட்டு ஜன்னல் என எல்லாம் வந்தது. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தாள். "ஏங்க, இதுல நம்ம லோன் நம்பர் எங்க இருக்கு?" என்றாள்.

எங்குமே இல்லை.

முப்பத்திரண்டு வருடம் தாலுகா அலுவலகங்களில் வேலை பார்த்தவன் நான். அதில் ஒன்பது வருடம் தபால் பிரிவில். வருகிற மனுவைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, உரிய பிரிவுக்கு அனுப்புவது வேலை. பட்டா மாறுதல் மனுவில் சர்வே எண் இருந்தால் அன்றே கோப்பு நகரும். சர்வே எண் இல்லாமல் பங்காளியின் அக்கிரமத்தை ஐந்து பக்கம் எழுதியிருந்தால், அதை வைத்துக்கொண்டு எழுத்தர் என்ன செய்வார்? விவரம் கேட்டுப் பதில் போடுவார். மனுதாரர் மறுபடி வருவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். வயிற்றெரிச்சலோடு எழுதிய எத்தனையோ மனுக்கள் அப்படிக் கட்டில் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் பொய் சொன்னவர்கள் இல்லை. அவர்கள் பட்ட வேதனை தாளில் இருந்தது, வேலை செய்ய வேண்டிய எண் இல்லை. எனக்கென்று வந்தபோது நானும் அதையேதான் செய்திருந்தேன்.

நான்கு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் "பொருள்", "பார்வை" என்று தொடங்கி ஒரே பக்கத்தில் எழுதினேன். பார்வையில் மூன்று தாள்: அடிக்கட்டை, ரசீது, வசூல் முகவர் அனுப்பிய அறிவிப்பு. மூன்றுக்கும் தேதி, எண். பிறகு இப்படி எழுதினேன்:

"தங்கள் அறிவிப்பில் கண்ட 14,550 ரூபாய் பாக்கியை மறுக்கிறேன். இத்தொகையை 12.02.2024 அன்று கிளையில் செலுத்திவிட்டேன். சீட்டில் நான் எழுதிய எண் தனிநபர் கடனுடையது. ரசீதில் பதிவானது வாகனக் கடனுடையது. செலுத்திய தேதியிலிருந்தே உரிய கணக்கில் வரவு வைத்து, அதன்பின் ஏறிய அபராதக் கட்டணத்தை நீக்கி, திருத்திய கணக்கை எழுத்தில் தர வேண்டுகிறேன். அதுவரை வசூல் நடவடிக்கையை நிறுத்திவைக்கவும்."

கடைசியில் சட்டத்துக்கு ஒரு வரி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 59. ஒருவருக்கே பல கடன் பட்டிருப்பவர், இன்ன கடனுக்கு என்று சொல்லிப் பணம் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டவர் அந்தக் கடனில்தான் வரவு வைக்க வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலையே காட்டிக்கொடுத்தால் போதும். அந்தப் பிரிவிலேயே ஓர் உதாரணம் உண்டு: பல கடன்களில் ஒன்று 567 ரூபாய், கடன் கொடுத்தவர் அதைக் கேட்டு எழுதுகிறார், வாங்கியவர் சரியாக 567 ரூபாய் அனுப்புகிறார், அது அந்தக் கடனுக்கே. என் கணக்கும் அப்படித்தான் பேசியது. 14,550 என்பது 4,850இன் மூன்று மடங்கு. 3,120 ரூபாய்த் தவணையில் அந்தத் தொகை எப்படிப் பார்த்தாலும் வராது.

அடுத்த பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கடனுக்கு என்று நாம் சொல்லாமலும், வேறெதிலிருந்தும் அது தெரியாமலும் இருந்தால், பிரிவு 60இன்படி, சட்டப்படி நாம் தர வேண்டிய எந்தக் கடனில் வேண்டுமானாலும் கடன் கொடுத்தவர் வரவு வைத்துக்கொள்ளலாம். காலம் கடந்து வழக்குப் போட முடியாமல் போன பழைய கடனாக இருந்தாலும் சரி. அடிக்கட்டையில் நான் எழுதிய அந்த எண் இல்லாதிருந்தால் என் வாதத்தில் பாதி போயிருக்கும்.

கடிதத்தை வசூல் முகவர் நிறுவனத்துக்கு அனுப்பி, நகலைக் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பினேன். இரண்டும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். (2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், இப்போது அனுப்புகிறவர்கள் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.) வைத்ததெல்லாம் ஜெராக்ஸ், அசல் என் வீட்டை விட்டுப் போகவில்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருப்பதைத் தனித்தாளில் எழுதி, அழைப்பு வந்த தேதி, நேரம், எண்ணைக் குறித்து வைத்தேன். அதைக் கணக்குத் தகராறோடு கலக்கவில்லை.

வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மகன், "அப்பா, மானம் போகுது. இன்னொரு தடவை கட்டித் தொலைச்சிரலாம், அப்புறம் கேட்டு வாங்கிக்கலாம்" என்றான். அவன் வருத்தம் புரிந்தது. ஆனாலும் மறுத்தேன். கட்டிய கடனை அவர்கள் வாய்க்குப் பயந்து இன்னொரு முறை கட்டினால், பிழை என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதே காரணத்துக்காகத்தான் கடிதத்தில் "பாக்கியைக் கட்ட அவகாசம் தாருங்கள்" என்ற வழக்கமான சொல்லை வரவிடவில்லை. கெடு தீர்வதற்குள் ஒரு கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், வழக்குத் தொடுக்கும் காலக்கெடு அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும் என்கிறது 1963ஆம் ஆண்டு லிமிடேஷன் சட்டம். பழைய கடன் உள்ளவர்கள் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எழுத வேண்டும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கும் தயாராக இருந்தேன். 2021 நவம்பரில் வந்த அந்தத் திட்டத்தில் கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். ஆனால் நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். போனில் நூறு முறை சொன்னது அங்கே கணக்கில் வராது.

அதற்கு அவசியம் வரவில்லை. சித்திரை பிறந்த மூன்றாம் நாள் பதில் வந்தது. தொகையைப் பிப்ரவரி 12 தேதியிட்டே மாற்றி வரவு வைத்திருந்தார்கள், அபராதம் நீங்கியிருந்தது. கடன் வரலாற்று அறிக்கையைப் பார்த்தேன். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். மூன்று மாதம் நான் தாமதித்தது அதில் இருந்தது. அது உண்மை, இருக்கட்டும். பிப்ரவரிக்குப் பிறகும் பாக்கி என்று காட்டியது பொய். அதற்குத் தனியாக எழுதித் திருத்தினேன்.

இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கவுண்டரில் ரசீது வாங்கியதும் பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை, அங்கேயே கடன் எண்ணைப் படியுங்கள். ஆன்லைனில் அனுப்பினால் குறிப்புப் பகுதியில் அந்த எண்ணை எழுதுங்கள். தவறு நடந்துவிட்டால் போனில் தொண்டை வறளப் பேச வேண்டாம். அன்றைக்கே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்.