காட்டு முகாமில் ஒரு பிறந்தநாள்

"முகாம்" என்ற சொல்லைக் கேட்டதும் எம்மில் பலருக்குத் தறப்பாளும் தண்ணீர் வரிசையும்தான் நினைவுக்கு வரும். உல்லாசப் பயணத்துறையில் அதே சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. வில்பத்து, யால போன்ற வனவிலங்குப் பூங்காக்களின் எல்லையோரம் விருந்தினரைக் கூடாரங்களில் தங்கவைத்து உபசரிக்கும் சபாரி முகாம்கள் இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளன.

வில்பத்துவும் யுத்தத்தால் அடிபட்ட இடமே. நீண்டகாலம் மூடியிருந்து 2003 இல் திறக்கப்பட்ட அப்பூங்கா, 2006 மே மாதம் கண்ணிவெடியில் பார்வையாளர்கள் பலியான பின்னர் மீண்டும் மூடப்பட்டு, 2010 இல் திறக்கப்பட்டது.

வெள்ளவத்தையில் எங்களுடன் வசிக்கும் பெரியம்மாவின் அறுபதாவது பிறந்தநாளை அங்கே கொண்டாட, கனடாவிலிருந்து வந்த அவரது மகள் ஏற்பாடு செய்திருந்தார். கூட வந்த சின்னம்மா 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தவர். கூடாரத்தைக் கண்டதும், "இதுக்குள்ளை படுக்கவோ காசு குடுத்தனீங்கள்?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

இரவு லாம்பு வெளிச்சத்தில் நீண்ட மேசை போட்டு, கேக் வெட்டினோம். சின்னம்மா குசினிப் பக்கம் போக, நானும் போனேன். தண்ணீர் பவுசரில் வருகிறது. மீனும் ஐஸும் புத்தளத்திலிருந்து வருகின்றன. உப்பு மறந்தால் வாங்கக் கடையில்லை. வாசனைக்கு யானை வருமென்பதால் மிச்ச உணவை வெளியே கொட்டவும் முடியாது. "நாங்கள் ஈர விறகிலை இருநூறு பேருக்குச் சமைச்சனாங்கள்" என்றார் சின்னம்மா. நான் சிங்களத்தில் சொன்னதும் சமையற்காரத் தம்பி வியந்து போனார். அங்கு வேலை செய்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

சமைப்பதும் உபசரிப்பதும் வீட்டில் பெண்ணின் கடமையாகவும், சம்பளம் கிடைக்கும் இடத்தில் ஆணின் தொழிலாகவும் இருப்பது ஏன்? தூரம், இரவு வேலை, ஊரார் பேச்சு என்று பெண்கள் என்னிடம் காரணம் சொல்வதுண்டு. இவை நியாயமான கவலைகளே. எனவே இத்தகைய வேலைக்குப் போக விரும்பும் சகோதரிகள் முதலிலேயே சிலவற்றைக் கேட்க வேண்டும். பூட்டக்கூடிய தனித் தங்குமிடம் உண்டா? போக்குவரத்து யாருடையது? நியமனக் கடிதம் எழுத்தில் தருவார்களா? சேவைக் கட்டணத்தில் பங்கு உண்டா? ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்பட்டால், முதலாளி 12 வீதமும், நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதமும் செலுத்த வேண்டும். இது சட்டம்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டிலிருந்தே விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்களும், அரிசி, காய்கறி விலையோடு விலைப்பட்டியலை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த ஓடரில் எரிவாயு, முச்சக்கரவண்டிச் செலவு ஆகியவற்றுடன் உங்கள் வேலை மணித்தியாலங்களையும் சேர்த்து எழுதுங்கள்.