கொலும்பாவின் பள்ளத்தாக்கு

அயர்லாந்தின் வடமேற்குக் கோடியில், அட்லாண்டிக் மாகடலை நோக்கி அமைந்துள்ளது டொனிகால் மாவட்டம். மீன்பிடித் துறைமுகமான கில்லிபெக்ஸைக் கடந்து மேற்கே செல்லும் சாலை, செம்மறியாடுகள் மேயும் குன்றுகளினூடே வளைந்து சென்று, கிளென்கொலம்கில் என்னும் பள்ளத்தாக்கில் இறங்குகின்றது. ‘புனித கொலும்பாவின் பள்ளத்தாக்கு’ என்பது அப்பெயரின் பொருள். இம்மாவட்டத்திலே பிறந்து, கி.பி. 563-இல் கடல் கடந்து சென்று, அயோனாத் தீவில் துறவுமடம் நிறுவியவர் அப்புனிதர்.

வனப்பு மிகுந்த அப்பள்ளத்தாக்கில் வறுமையும் மிகுந்திருந்தது. 1951-இல் அருட்தந்தை ஜேம்ஸ் மக்டயர் அங்குப் பணியேற்றபோது மின்விளக்கு இல்லை, குழாய்நீர் இல்லை, செப்பனிட்ட சாலையும் இல்லை. சிறு நிலமும் சில ஆடுகளும் ஒரு குடும்பத்தைக் காக்கப் போதாமையால் இளைஞர் பிழைப்புத் தேடி வெளியேறினர்.

குருவானவர் மக்களை ஒன்றுதிரட்டினார். கூட்டுறவு முறையில் காய்கறி பதனிடுதலும் பின்னல் தொழிலும் தொடங்கின. 1967-இல் ‘நாட்டுப்புற வாழ்வுக் கிராமம்’ திறக்கப்பெற்றது. முன்னோர் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்த வகையைக் காட்டும் கூரை வேய்ந்த வீடுகளை ஊராரே கட்டினர். அவ்வட்டாரத்துப் பழம் பொருள்களாலேயே அவற்றை நிரப்பினர். அவருடைய முயற்சிகள் யாவும் நிலைக்கவில்லை. எனினும் 1987-இல் அவர் மறைந்த பின்னரும் அக்கிராமம் ஊராரின் பொறுப்பில் நிலைத்து நிற்கின்றது.

இன்று வாய்ப்புப் பெரிது. 2014-இல் தொடங்கப்பெற்ற, ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளமுள்ள அட்லாண்டிக் கரையோரச் சுற்றுலாப் பாதை இப்பக்கமாகவே செல்கின்றது. அண்மையிலுள்ள ஸ்லீவ் லீக் மலை கடலினின்று ஏறத்தாழ 600 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. ஆயின், காரில் வந்து மலையைக் கண்டு, படம் பிடித்து, அன்றே திரும்புபவரால் உழவன் வீட்டிற்கு என்ன பயன்? அவர் ஓரிரவு தங்கினால் நிலைமை மாறும். காலை உணவுக்கு முட்டை விற்கும்; ஆட்டிறைச்சி விற்கும்; கம்பளி நூற்கும் கைகளுக்கு வேலை கிடைக்கும். மேய்ப்பன் தன் நாயைக் கொண்டு மந்தையை மடக்கும் திறனும் விருந்தினர் விரும்பிக் காணும் கலையாகும்.

மொழியும் இவ்வகையில் ஒரு செல்வமே. 1984-இல் இங்கு நிறுவப்பெற்ற ‘ஓய்டியஸ் கேல்’ நிலையத்தில் ஐரிஷ் மொழி கற்க வரும் முதியோரும் இளையோரும் ஒரு வாரம், சில வேளை அதற்கு மேலும், தங்குகின்றனர். ஏழைகளின் பேச்சென்று ஒரு காலத்தில் இகழப்பட்ட மொழி, இன்று விருந்தினரை அழைத்து வருகின்றது!

இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, வீடுகள் யாவும் கோடை விடுதிகளானால், குளிர்காலத்தில் கதவுகள் பூட்டிக் கிடக்கும். மணமுடிக்கும் இளைஞருக்குக் குடியிருக்க இடமிராது. ஆகவே, குடியிருக்கும் உழவர் குடும்பமே விருந்தோம்புவது நலம். இரண்டாவது, ஜூன் 9-ஆம் நாள், புனிதரின் திருநாளில், சிலுவை பொறித்த பழங்கற்களைச் சுற்றி 15 நிலைகளில் செபித்துச் செல்லும் திருப்பயணம் ஊராரின் பக்தி முயற்சி. அயலார் அதில் உடன் நடக்கலாம். அவர்களுக்காக அதைக் காட்சியாக்குதல் தகாது.

எத்தனை பேருந்துகள் வந்தன என்பதன்று இம்முயற்சியின் அளவுகோல். உள்ளூர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர் என்பதே அளவுகோல். அந்த எண்ணிக்கை குறையாதிருக்குமாயின், அருட்தந்தை மக்டயரின் உழைப்பு வீண்போகவில்லை எனலாம்.