குதிரையின் முகத்தில் நான் வெட்டச் சொன்னது



என் அக்காள் மகனுக்கு நிகாஹ் நிச்சயமானபோது, மாப்பிள்ளை குதிரையில் வரவேண்டும் என்று வீட்டுப் பெண்கள் விரும்பினார்கள். ஊர்வலம் வீண் செலவு என்று பலமுறை பேசியவன் நான். ஆயினும் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய அக்காளின் முகத்தைப் பார்த்து இசைந்துவிட்டேன். அந்த விவாதத்தை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று சொல்லவந்தது குதிரையைப் பற்றி.

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தெரிந்து குதிரை வைத்திருப்பவர் ஒரு பெரியவர். வயது எழுபதை நெருங்குகிறது. அவருடைய தகப்பனார் ஜட்கா வண்டி ஓட்டியவர். இவரிடம் இருப்பது ஒரு வெள்ளைப் பெண் குதிரை. முகூர்த்த நாட்களில் ஊர்வலம். விடுமுறை நாட்களில் பேரன் அதைக் கல்வராயன் மலைக்கு ஏற்றிச் சென்று, கரியாலூரில் சுற்றுலா வரும் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவான். அதில் வரும் வருமானத்தில்தான் கொள்ளும் புல்லும்.

நிகாஹுக்கு இரண்டு நாள் முன்பு அஸர் தொழுதுவிட்டுக் குதிரையைப் பார்க்கப் போனேன். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. மோவாயைச் சுற்றி நீளநீளமான முடிகள், காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் ரோமம், குளம்புக்கு மேலே கணுக்காலில் தொங்கும் முடியில் ஒட்டிய புல்விதைகள். நெற்றி முடி கண்வரை விழுந்திருந்தது. வீடியோ எடுக்கப்போகிறார்கள், பெண் வீட்டார் வசதியானவர்கள் என்ற நினைப்பில் எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது.

"முகத்தையும் காலையும் நல்லா வழிச்சு விட்ருங்க பாய்" என்றேன்.

"தேவையான எடத்துல கத்தரிச்சு விடுறேன் ஹஜ்ரத். மத்தது இருக்கட்டுமே" என்றார்.

அங்கேதான் நான் தவறினேன். அந்நஹ்ல் அத்தியாயத்தின் எட்டாவது வசனத்தை ஓதினேன். குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நீங்கள் ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் படைத்திருப்பதாக அல்லாஹ் சொல்லும் வசனம் அது. "அலங்காரம்னு குர்ஆனே சொல்லுது பாய்" என்று சேர்த்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் பேரன் தலைமுடி வெட்டும் மின்கருவியைக் கொண்டு மோவாய், உதடு, காதின் உட்புறம், கால்கள் எல்லாவற்றையும் மழித்துவிட்டான். நெற்றி முடியைக் குட்டையாக நேர்கோட்டில் வெட்டிவிட்டான். குதிரை பளிச்சென்று இருந்தது. நான் மகிழ்ந்தேன்.

ஊர்வலம் மஃக்ரிபுக்குப் பின் கிளம்பியது. விளக்கு வெளிச்சத்திற்குப் பூச்சிகள் மொய்த்தன. குதிரை காதை உதறியபடியே நடந்தது. தலையைச் சுண்டிச் சுண்டி இழுத்தது. மண்டப வாசலில் தண்ணீர் காட்டியபோது தகர டிரம்மின் விளிம்பில் வாயை இடித்துக்கொண்டது. கீழுதட்டில் இரத்தம் கசிந்தது. பெரியவர் தோள் துண்டால் ஒற்றிவிட்டார், என்னைப் பார்க்கவில்லை. வரவேற்பு வேலைகளில் நானும் அதை மறந்துபோனேன்.

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, மதரஸாவில் மூத்த பிள்ளைகளுக்கு ஹதீஸ் பாடம். மறுமை நாள் வரை குதிரைகளின் நெற்றி முடியோடு நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது எனும் கருத்துள்ள, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நபிமொழி. நபி (ஸல்) அவர்கள் தம் விரல்களால் ஒரு குதிரையின் நெற்றி முடியைச் சுருட்டியபடியே இதைச் சொன்னதை ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அறிவிப்பதாக முஸ்லிமில் உள்ளது. இதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கையைத் தூக்கினான். "உஸ்தாத், நம்ம ஊர்வலக் குதிரைக்கு அந்த முடிய வெட்டியிருந்தாங்களே, ஏன்?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கேலி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான். நாளை சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினேன். அபூதாவூதில் உத்பா பின் அப்துஸ் ஸுலமீ (ரலி) வழியாக ஒரு செய்தி இருக்கிறது. குதிரையின் நெற்றி முடியையும் பிடரி மயிரையும் வாலையும் வெட்டவேண்டாம் என்று தடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லும் செய்தி: வால் அதற்கு ஈ விரட்டும் விசிறி, பிடரி குளிருக்குப் போர்வை, நெற்றி முடியில் நன்மை. இதன் அறிவிப்பாளர் வரிசையில் பெயர் சொல்லப்படாத ஒருவர் இருப்பதால் இதன் தரம் குறித்து அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள், அதை மறைக்கக்கூடாது. ஆனால் என்னை உலுக்கியது அதிலுள்ள காரணங்கள். மூன்றில் இரண்டு, குதிரையின் சுகத்தைப் பற்றியவை. பார்ப்பவர் கண்ணைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

முவத்தாவில் வேறொன்று படித்தேன். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டபோது, குதிரைகள் விஷயத்தில் இரவில் தாம் கண்டிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். ஸாத் அத்தியாயத்தில் சுலைமான் (அலை) அவர்கள் குதிரைகளின் கால்களையும் கழுத்துகளையும் தடவியதாக வரும் இடத்திற்கு விரிவுரையாளர்கள் இரு வகையாகப் பொருள் கொள்கிறார்கள். அன்போடு நீவிவிட்டார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து வரும் விளக்கம். முகமும் காலும்தான் அங்கெல்லாம் வருகின்றன. நான் மழிக்கச் சொன்னதும் அவற்றைத்தான்.

உலக வழக்கத்தையும் தேடிப் பார்த்தேன். பந்தயக் களங்களிலும் கண்காட்சிகளிலும் குதிரையின் மீசை முடிகளை அழகுக்காக மழிப்பது நெடுங்காலப் பழக்கமாம். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை 1 முதல் அதைத் தடைசெய்துவிட்டது. உணர்வு முடிகள் மழிக்கப்பட்ட குதிரை அவர்களுடைய போட்டியில் இறங்க முடியாது. குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் பக்கவாட்டிலும் பின்னாலும் வெகுதூரம் தெரியும். ஆனால் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. அந்த இருட்டை நிரப்பத்தான் மோவாயிலும் உதட்டிலும் அந்த முடிகள். ஒவ்வொன்றின் வேரிலும் நரம்புகள். டிரம்மின் விளிம்பு அதற்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பது அப்போது விளங்கியது.

நாம் குதிரையோடு தொடர்பில்லாத சமுதாயம் அல்ல. ராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. அரபுத் துறைமுகங்களிலிருந்து காயலுக்குக் குதிரைகள் வந்திறங்கியதை 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பாண்டிய நாட்டில் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட அக்குதிரைகளில் பெரும்பாலானவை, பேணத் தெரிந்தவர் இல்லாமல் மாண்டுபோயின என்பதும் அவர் எழுதியதே. விலை கொடுக்கத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் மாணவனிடம், "நான் சொல்லித்தான் வெட்டினார்கள், அது என் பிழை" என்று வகுப்பின் முன்னால் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரியவரைத் தேடிப் போனேன். ஆயுத பூஜை விடுமுறைக்காகக் குதிரை மலையேறியிருந்தது, அவரும் கூடவே போயிருந்தார். கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. கரியாலூரில் ஒரு தகரக் கொட்டகையில் குதிரை நின்றது. சவாரி இல்லை. பின்னங்கால்கள் இரண்டிலும் குதிகாலை ஒட்டித் தோல் வெடித்துப் புண்ணாகி, மருந்து தடவியிருந்தது.

"அந்த முடி இருந்தா மழைத்தண்ணி அதுல வழிஞ்சு சொட்டிரும். இப்போ நேரா தோல்ல எறங்கி ஊறிப்போச்சு. ஆறிரும், இன்ஷா அல்லாஹ்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"அன்னைக்கே என்னைத் தடுத்திருக்கலாமே பாய்?"

"நீங்க ஆயத்து ஓதினீங்க ஹஜ்ரத். அதுக்கு மேல நான் என்ன பேச?"

இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வாயிலிருந்து வந்த வசனம் ஓர் எளிய மனிதரின் அறிவை இப்படி வாயடைக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அபூதாவூதில் நான் தேடிக் கண்ட காரணங்களை அவர் தகப்பனாரின் கொட்டடியிலேயே கற்றிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். சவாரி இல்லாத நாட்களுக்கும் மருந்துக்கும் பணம் கொடுத்தேன். மருந்துக்கானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

தை மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது கால்கள் ஆறியிருந்தன. மோவாயில் முடி மறுபடி நீண்டிருந்தது. அன்று எதை வெட்டலாம் என்று காட்டினார். காதுகளுக்குப் பின்னால், தலைவார் உட்காரும் இடத்தில் பிடரி சிக்கிப் புண்ணாகாமல் இரண்டு விரல் அகலம். காதின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து மடித்துப் பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும். உள்ளே இருப்பது பூச்சிக்கும் தூசிக்கும் கதவு. கணுக்காலில் சேறும் விதையும் கட்டிக்கொண்ட நுனிகளை, முனை மழுங்கிய கத்தரிக்கோலால், சீப்பைக் கொடுத்து. கத்தரிப்பதற்கு முன் அதை முகர்ந்து பார்க்க விடவேண்டும். மின்கருவியின் இரைச்சலுக்கு அது நடுங்குமாம். பேரனிடம் இனி அதைக் கொண்டுவராதே என்று சொல்லிவிட்டாராம்.

"இது அழகுக்கா, சுகத்துக்கா பாய்?" என்று கேட்டேன்.

"சுகமா இருந்தா அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். எனக்குக் கை நடுங்கியது. பிஸ்மில்லாஹ் சொல்லி இடது முன்னங்காலருகே குந்தி உட்கார்ந்தேன். குதிரை தலையைத் தாழ்த்தி என் தொப்பியை முகர்ந்தது. மீசை முடிகள் நெற்றியில் கூசின. நெற்றி முடி இன்னும் கண்வரை வளரவில்லை. அதற்கு இன்னும் பல மாதம் ஆகும் என்றார்.