வெளிச்சக் கணக்கு

புது கேமரா பாடி வாங்கலாமா, இருக்கிற பாடிக்கு நல்ல லென்ஸ் வாங்கலாமா என்ற கேள்வி, கையில் கொஞ்சம் காசு சேரும்போதெல்லாம் வந்துவிடுகிறது. படம் எடுக்கும் நண்பர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "பழசயே கட்டிக்கிட்டு அழாத லா, பாடிய மாத்து" என்பான் ஒருவன். "பாடி வரும், போகும். லென்ஸ்தான் நிக்கும்" என்பான் இன்னொருவன். இரண்டுமே சரியாகப் பட்டதால் இரண்டாலும் எனக்குப் பயனில்லை.

என்னிடம் இருப்பது கேனன் 700டி. 2013இல் வந்த மாடல். ஸ்கூடாயில் பொறியியல் படித்த காலத்தில், பயிற்சிச் சம்பளத்தில் பழையதாக வாங்கியது. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ்தான் இன்றுவரை.

எதையும் மாற்றுவதற்கு முன் பழுது எங்கே என்று பார்ப்பது படிப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம். தேறாத படங்கள் ஏன் தேறவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு படத்தோடும் ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் பதிவாகியிருக்கும். கெட்டுப்போனவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் எடுத்தவை: சுங்கை பட்டாணியில் பாட்டி வீட்டு அடுப்படி.

பாட்டிக்கு 83 வயது. ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டிய காலத்துப் பழக்கம், இன்றும் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். ஒற்றை மஞ்சள் பல்பின் கீழ் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார். அந்தக் கைகளைத்தான் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறேன். எல்லாம் கலங்கல். ஃபிளாஷ் போட்டால், "கண்ணு கூசுதுய்யா, அத நிப்பாட்டு" என்பார்.

கணக்கு எளிது. 55 மி.மீ.இல் கிட் லென்ஸ் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை ஏற்றியும் ஷட்டர் 1/15 நொடியிலேயே நிற்கும். அதற்குள் விரல் நகர்ந்துவிடும். ஃபுல் ஃபிரேம் பாடிக்கு மாறினால் சென்சாரின் பரப்பு சுமார் இரண்டரை மடங்காகும். எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸோ எஃப் 5.6ஐவிட ஒன்பது மடங்குக்கும் கூடுதலான வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15 இருந்த இடத்தில் 1/125 கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. என் கிட் லென்ஸ் சின்ன சென்சாருக்காகச் செய்தது. கேனனின் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் பாடியில் அதை அடாப்டரோடு மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும். பெரிய வீடு வாங்கி ஓர் அறையில் குடியிருப்பதுபோல. 50 மி.மீ. லென்ஸ் அப்படியில்லை. அதன் இஎஃப் மவுன்ட் 1987இல் வந்தது. 2018இல் வந்த ஆர்எஃப் மவுன்டிலும் அடாப்டர் இருந்தால் முழு சென்சாருக்கும் வேலை செய்யும்.

பாடிதான் பதில் என்கிற நிலையும் இருக்கிறது. தைப்பூசத்தில், பட்டப்பகலில், ஆடிவரும் காவடிகளை எடுக்கிறான் என் நண்பன். அவனுக்கு வெளிச்சம் குறையில்லை. ஃபோக்கஸ் ஆடுகிறவரின் முகத்தைவிட்டு நழுவுவதுதான் குறை. முகத்தைக் கண்டுபிடித்துப் பின்தொடரும் புதிய பாடிதான் அதைத் தீர்க்கும். அவன் மாற்றியது நியாயம்.

எனக்கு, வீட்டுக்குக் கொடுப்பதும் பிடிபிடிஎன் கடனும் போக, ஆசைப்பட்ட பாடிக்குச் சேமிக்க இன்னும் பத்து மாதம் வேண்டும். லென்ஸுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். பத்து மாதம் எனக்குப் பெரிதில்லை. பாட்டியின் விரல்கள் இப்போதே கீரைக் காம்பைத் தடவித் தேடித்தான் பிடிக்கின்றன. லென்ஸை வாங்கினேன்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 700டியில் 50 மி.மீ. என்பது 80 மி.மீ. போலத்தான் பார்க்கும். அடுப்படிக்குள் நின்றால் கையும் முகமும் ஒரே படத்தில் அடங்குவதில்லை. நடையில் தள்ளி நிற்கிறேன். எஃப் 1.8இல் கை தெளிந்தால் முகம் மங்குகிறது. எஃப் 2.8க்கு வந்தால் ஓரளவு ஒத்துவருகிறது. அதுவும் பழைய லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம்.

போன மாதம் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாட்டியிடம் காட்டினேன். இடது ஆள்காட்டி விரலில் குறுக்காக ஒரு தழும்பு. இது என்னவென்று கேட்டேன்.

"பால் வெட்டுற கத்தி பட்டது. உங்கப்பன் வயித்துல இருந்தான் அப்ப" என்றார். அந்தக் கைதான் எனக்குச் சின்ன வயதில் சோறு ஊட்டியது. அதில் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.