ஒரு பெயர், பல கவர்கள்

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கும் பட்டறைகள் பல. அங்கே 'பிரைமரி கவர்', 'செயின் அட்ஜஸ்டர்' என்னும் பெயர்கள் மட்டும் இரு மொழிக்கும் பொது. அந்தப் பொதுமையே பழைய புல்லட்டில் நெடும்பயணம் போவோருக்கு வம்பாகிறது.

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவானபோது எடுத்துக்கொண்ட 350 சி.சி. வடிவம், சிற்சில மாற்றங்களோடு அரை நூற்றாண்டு ஓடியது. ஆகவே 'எல்லாம் ஒன்றுதான், சேரும்' என்ற பேச்சில் பாதி உண்மையுண்டு. வார்ப்பிரும்பு எஞ்சினின் இடப்பக்க மூடியைப் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே நட்டு. கால்மிதியையும் பிரேக் மிதியையும் அகற்றினால் மூடி கையோடு வந்துவிடும். ஆனால் செல்ஃப் ஸ்டார்ட் வந்தபோது அதன் ஸ்பிராக் கிளட்சுக்கு இடம் வேண்டி உறையின் உட்புறம் மாறியது. பின்னர் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே உடலாயின. 2020இல் மீட்டியாரோடு வந்த எஞ்சினில் பிரைமரி சங்கிலியே கிடையாது, பற்சக்கரந்தான். பெயர் மட்டும் மாறவில்லை. கடையில் 'புல்லட் பிரைமரி கவர்' என்று கேட்பவருக்கு இவற்றுள் எதுவும் கிடைக்கலாம். ஒரே இடத்தில் வந்து அமர்வதாலேயே இரண்டு ஒலிகள் ஓர் ஒலியனாகிவிடா என்பதை அறிந்த மொழியியல் மாணவர்கூட, பளபளக்கும் கவரைக் கண்டால் மயங்கிவிடுவார்.

பொருந்தாத கவரை நட்டின் வலிமையால் பொருத்துவது அடுத்த தவறு. மிகையாக இறுக்கினால் மூடி வளையும். ஓரத்தில் எண்ணெய் கசியும். அந்த எண்ணெயில்தான் சங்கிலியும் கிளட்சும் ஓடுகின்றன.

'செயின் அட்ஜஸ்டர்' இன்னும் குழப்பமானது. மூடிக்குள், பிரைமரிச் சங்கிலியின் கீழ் ஓட்டத்தைத் தாங்கும் வளைந்த பட்டை ஒன்று. பின்சக்கர அச்சின் இருபுறமும் அமரும் ஸ்னைல் கேம் மற்றொன்று. முன்னதன் அருமை திருமலையில் தெரியும். 1974இல் திறந்த இரண்டாம் மலைச்சாலையில் ஏறும்போது சங்கிலியின் மேல் ஓட்டம் இழுபடுகிறது. கீழ் ஓட்டம் தளர்ந்து பட்டையின்மேல் படிகிறது. 1944இன் முதல் சாலையில், தாழ்ந்த கியரில் திராட்டிலை மூடி இறங்கும்போதோ கீழ் ஓட்டமே விறைத்து, சுமை முழுதும் அந்தப் பட்டைக்கு வந்துவிடும். நடுவில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் பேரிங் தேயும். கூடினால் சங்கிலி உறையை அடிக்கும். சங்கிலி எங்கும் ஒரே அளவில் தேய்வதில்லை. ஆகையால் சக்கரத்தைச் சுழற்றி, மிக விறைப்பான இடத்தில்தான் அளக்க வேண்டும். அவசரக்காரர்கள் விடுவது இதைத்தான்.

ஸ்னைல் கேமில் இருபுறமும் ஒரே பல்லில் வைத்தால் சக்கரம் நேராகும் என்பது ஏட்டுக் கணக்கு. ஒருபுறம் பழையது, மறுபுறம் புதியது என்று மாற்றியிருந்தால் தேய்ந்த பல்லும் தேயாத பல்லும் சமமாகா. சக்கரம் கோணும், வளைவுகளில் வண்டி ஒருபக்கம் இழுக்கும், பின்னால் குழந்தையோடு அமர்ந்திருப்பவருக்கு அது தெரியாது. இரண்டையும் சேர்த்தே மாற்றி, இரு சக்கரங்களின் ஓரமாக நூல் பிடித்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.