வேளிர் ஆண்ட கொடும்பாளூர்... கோயிலும் பார்க்கலாம், மம்பட்டிக் காம்பும் கற்கலாம்!

திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். விராலிமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கொடும்பாளூர் வந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஊர். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு வானதியின் ஊர் என்றால் சட்டென்று புரியும். இருக்குவேளிர்கள் ஆண்ட தலைநகரம். சோழர்களுக்குப் பெண் கொடுத்து, பெண் எடுத்து, போர்க்களத்துக்குப் படையும் அனுப்பிய குடும்பம் அது.

இந்த ஊர் அதற்கும் முன்பே பெயர் பெற்றது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியில் ‘கொடும்பை’ வருகிறது. இங்கிருந்துதான் மதுரைக்கு மூன்று பாதைகள் சூலம்போலப் பிரிகின்றன என்று வழி சொல்கிறார் ஒரு மறையவர். இன்றைக்குப் பேருந்துகள் பறக்கிற இந்தப் பக்கத்தில்தான் அன்றைக்கு மக்கள் நடந்தே போனார்கள்.

மூன்றில் ஒன்று எங்கே?

ஊருக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது மூவர் கோயிலை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் தலைவர் கட்டியது. தன் பெயரில் ஒன்று, கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரில் இரண்டு என மூன்று விமானங்கள் எழுப்பியதாக இங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. காலம் 9-ஆம் நூற்றாண்டா, 10-ஆம் நூற்றாண்டா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு.

மூன்றில் இரண்டு விமானங்கள்தான் இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் தரையோடு தெரிகிறது. சுற்றிலும் சிற்றாலயங்கள் இருந்ததற்கான அடித்தளங்களும் உள்ளன. பக்கத்திலேயே முசுகுந்தேசுவரர் கோயில் இருக்கிறது. ஐவர் கோயில் என்று சொல்லப்படும் இன்னொரு கோயிலில் அடிப்பகுதிதான் மிச்சம்.

நின்றுகொண்டிருக்கும் இரண்டு விமானங்களின் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இவ்வளவு நுணுக்கமும் இரும்பு உளியும் சுத்தியலும் செய்த வேலை. அந்த உளியைத் தினமும் உலையில் வைத்து முனை தீட்டிக் கொடுக்க ஒரு கொல்லர் இருந்திருப்பார். சுத்தியலுக்குப் பிடி செதுக்கிக் கொடுக்க ஒரு தச்சர் இருந்திருப்பார். கட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. பிடி போட்டவர் பெயர் எங்கும் இல்லை.

இரும்பு நிலைக்கும், மரம் மாறும்

கோயிலை விட்டு வெளியே வந்தால் வயலும் மேடும்தான். வானம் பார்த்த பூமி அதிகம் உள்ள மாவட்டம் இது. வரப்பு வெட்ட, வாய்க்கால் தோண்ட, தண்ணீர் திருப்ப எல்லாவற்றுக்கும் மம்பட்டி வேண்டும். டிராக்டர் வந்த பிறகும் வரப்பு மூலையில் வேலை செய்ய மம்பட்டியை விட்டால் ஆள் இல்லை.

ஒரு மம்பட்டியின் இரும்புத் தகடு பல வருஷம் உழைக்கும். முனை மழுங்கினால் பட்டறையில் கொடுத்து அடித்து, தோய்ச்சல் போட்டு வாங்கிக்கொள்ளலாம். காம்பு அப்படியில்லை. வெயிலில் வெடிக்கும், ஈரத்தில் உளுக்கும், கறையான் பிடிக்கும். தெற்கே போனால் இதையே ‘கணை’ என்பார்கள். ஒரே இரும்புக்கு வாழ்நாளில் எத்தனையோ காம்புகள் மாறிவிடும்.

‘ஏதோ ஒரு கட்டையைச் சொருகினால் போச்சு’ என்று நினைப்பவர்கள்தான் மாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். காம்பு சரியில்லை என்றால் வேலை பாதிதான் நடக்கும். தலை கழன்று பறந்தால் பக்கத்தில் நிற்பவரின் காலுக்கே ஆபத்து. அதனால்தான் கிராமத்துப் பெரியவர்கள் வேலைக்கு இறங்கும் முன் மம்பட்டியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, தலை ஆடுகிறதா என்று பார்ப்பார்கள்.

எந்த மரம் நல்லது?

காம்புக்குப் பெயர்போனது கருவேல மரம். கனமும் கடினமும் உள்ளது, அதிர்ச்சி தாங்கும். அந்தக் காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கும் இதைத்தான் தேடினார்கள். புளிய மரமும் உறுதியானது, ஆனால் கனம் அதிகம். மூங்கில் லேசானது; துரட்டிக்கும் களைக்கொத்துக்கும் சரிப்படும், ஓங்கி வெட்டும் வேலைக்குச் சரிவராது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தைல மரத் தோட்டங்கள் நிறைய. அதன் கழி நேராக, சுலபமாகக் கிடைக்கும். ஆனால் காயும்போது வெடிப்பு விடும் என்பதால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மரத்தைவிட முக்கியம், அதன் ரேகை. காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ரேகை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஓங்கி வெட்டும்போது அந்த இடத்தில் முறியும். கணு இருக்கும் இடமும் பலவீனமே. பச்சை மரத்தில் காம்பு போட்டால் முதல் நாள் கச்சிதமாக இருக்கும். மரம் காயக் காயச் சுருங்கி, சில வாரத்தில் தலை ஆடத் தொடங்கிவிடும். நிழலில் நன்றாகக் காய்ந்த மரமே நல்லது.

ஆடும் தலையை இறுக்க, மம்பட்டியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுவைக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. மரம் ஊறி உப்பி இறுகும். அது அன்றைய வேலைக்குத்தான். மறுபடி காய்ந்தால் முன்பைவிட லொடலொட என்று ஆடும். சரியான வைத்தியம், ஆப்பு அடிப்பது. அதுவும் போதவில்லை என்றால் காம்பையே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

கோல்ஃப் மைதானத்திலும் இதே கதை

இந்த விஷயத்தில் வரப்பில் நிற்பவருக்கும் கோல்ஃப் ஆடுபவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோல்ஃபில் ‘அயர்ன்’ எனப்படும் மட்டையின் இரும்புத் தலை நீண்ட நாள் உழைக்கும். அதன் தண்டான ‘ஷாஃப்ட்’டைத்தான் ஆடுபவரின் உடம்புக்கு ஏற்ப மாற்றுகிறார்கள்.

தலையின் கழுத்தைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் பசை இளகும். பழைய தண்டை உருவி, உள்ளே சுத்தம் செய்து, புதிய தண்டில் பசை தடவிச் சொருகி, நன்றாக உலர விட வேண்டும். இணையும் இடத்தில் வரும் வளையத்துக்குப் பெயர் ‘ஃபெருல்’. நம் ஊர் உலக்கைக்கும் அரிவாள் பிடிக்கும் போடும் பூண்தான் அது.

ஒரு காலத்தில் அதுவும் மரம்தான். ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தில் செய்தார்கள். எஃகுத் தண்டுக்கு அமெரிக்காவில் 1924-லும், பிரிட்டனில் 1929-லும் அனுமதி கிடைத்தது. பிறகு எஃகைவிட லேசான கிராஃபைட் வந்தது. வேகமாக வீசுபவருக்கு விறைப்பான தண்டு, மெதுவாக வீசுபவருக்கு வளைந்து கொடுக்கும் தண்டு என்று தனித்தனியாக விற்கிறார்கள். மூட்டு வலி உள்ளவர்கள், அதிர்வு குறைவு என்பதற்காகவே கிராஃபைட் பக்கம் போகிறார்கள். ஆளுக்குத் தகுந்த தண்டு என்பது அங்கே தனிக் கடை வைத்து நடக்கும் தொழில்.

பெண்கள் கைக்கு எந்தக் காம்பு?

நம் ஊரில் அந்தக் கவனம் யாருக்குக் கிடைக்கிறது? வயலிலும், நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்லும் வேலையிலும் மம்பட்டி பிடிப்பவர்களில் பெண்கள் ஏராளம். கடையில் கிடைக்கும் காம்போ பெரும்பாலும் ஆண்களின் உள்ளங்கைக்கும் உயரத்துக்கும் செய்தது.

காம்பு பருமனாக இருந்தால் பிடி நிற்காது. இறுக்கிப் பிடித்தே விரல்கள் மரத்துப்போகும். மெலிதாக இருந்தால் கைக்குள் சுழன்று கொப்புளம் போடும். குட்டையாக இருந்தால் நாள் முழுக்கக் குனிந்தே வெட்ட வேண்டும், இடுப்பு போய்விடும். புவனேஸ்வரில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் பெண் விவசாயிகளுக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் இயங்குகிறது. பெண்களின் உடலளவுக்கு ஏற்ற கருவிகள் அதன் வேலைகளில் ஒன்று. கொடும்பாளூர் பக்கத்து வரப்பு வரை அது வந்து சேர வேண்டும்.

அதுவரை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காம்பைச் சுற்றிப் பிடித்தால் பெருவிரல் நுனி மற்ற விரல்களை லேசாகத் தொட வேண்டும். ரொம்பத் தள்ளி நின்றால் அந்தக் காம்பு பருமன். வெட்டிப் பார்க்கும்போது முதுகு வில்லாக வளைந்தால் நீளம் போதாது. கொஞ்சம் இழைத்துக் கொடுக்கச் சொன்னால் எந்தத் தச்சரும் மறுக்கமாட்டார்.

திரும்பும் வழியில்

நெல்லுக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அறுபத்து மூவரில் ஒருவரான இடங்கழி நாயனார் கொடும்பாளூரை ஆண்டவர். அடியார்களுக்குச் சோறு போட வழியில்லாமல் அரண்மனைக் களஞ்சியத்தில் நெல் திருடியவரைத் தண்டிக்காமல், களஞ்சியத்தையே திறந்துவிட்டவர் என்பது பெரிய புராணக் கதை. களஞ்சியம் நிறைந்ததற்குக் காரணம், வரப்பில் குனிந்து வேலை செய்தவர்கள்.

காலையில் கிளம்பினால் மூவர் கோயில், முசுகுந்தேசுவரர் கோயில் இரண்டையும் பார்த்துவிட்டு, விராலிமலை முருகனையும் அங்கே திரியும் மயில்களையும் பார்த்துவிடலாம். குழந்தைகள் கூட வந்தால் மூன்றாவது விமானத்தின் அடித்தளத்தைக் காட்டி, மேலே என்ன இருந்திருக்கும் என்று வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். மணப்பாறை வழியாகத் திரும்பினால் முறுக்கும் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போனதும் கொல்லையில் சாத்தி வைத்த மம்பட்டியை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். தலை ஆடினால், அடுத்த முறை தோட்டத்தில் இறங்கும் முன் காம்பை மாற்றிவிடுங்கள்.