ஏகனாபுரம்: ஏரிக்கரைக்கு வரும் ஓடுதளம்

காஞ்சிபுரம் மாவட்டம், பரந்தூர் அருகே வயலும் ஏரியுமாக இருக்கிறது ஏகனாபுரம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்காக நிலம் எடுக்கப்படும் கிராமங்களில் இதுவும் ஒன்று.

மீனம்பாக்கத்தில் நெரிசல். பயணிகளும் தொழில்துறையினரும் புதிய ஓடுதளங்களுக்குக் காத்திருக்கிறார்கள். இங்கேயோ வீடு, வயல், ஏரி எல்லாமே திட்ட எல்லைக்குள் வருகின்றன. 2022-லிருந்து, வேலை முடித்துத் திரும்பியவர்கள் இரவு நேரங்களில் கூடிப் போராடினார்கள். நிலம் வைத்திருப்பவருக்கு இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நடும் கூலித் தொழிலாளிக்கோ விற்க எதுவுமில்லை. இருந்த வேலையும் போய்விடும்.

ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் இந்த வழியாகத்தான் ஓடுகிறது. அடையாற்றின் மேல் ஓடுதளத்தை நீட்டிய மீனம்பாக்கம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிச் சில நாள்கள் மூடிக்கிடந்தது. மழைத்தண்ணீர் இனி எந்தப் பக்கம் போகும் என்று ஏகனாபுரம் கேட்பது சென்னைக்கும் சேர்த்துத்தான்.